இரண்டாம் சேனலின் பியானோ

2020 மே 5ஆம் தேதி மாலை, பிலிப்பைன்ஸில் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பை நிறுத்தியது. 25 ஆண்டு உரிமம் முந்தின நாளோடு முடிந்திருந்தது. புதுப்பிக்கும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் கிடப்பில் கிடந்தன. ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி அரசு ஆணை வந்த அன்றே சேனல் 2 இருண்டுபோனது. ஜூலையில் நாடாளுமன்றக் குழுவும் உரிமம் கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டது. 1972இல் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது மூடப்பட்டு, 1986இல் மீண்டும் உயிர்பெற்ற நிலையம் அது. அரை நூற்றாண்டுக்குள் இரண்டு முறை வாயடைக்கப்பட்ட அந்த நிலையத்தின் அரசியலை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஊரடங்கில் கோயம்புத்தூர் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்த எனக்கு ஒரு பியானோதான் ஞாபகம் வந்தது. அந்தப் பியானோவை வாசித்தவருக்கு முந்தின நாள்தான் 66 வயது நிறைந்திருந்தது.

அவர் ரயான் கயாப்யாப். பிலிப்பைன்ஸில் ‘மிஸ்டர் சி’ என்றாலே போதும், யாரென்று தெரிந்துவிடும். சினிமா, தொலைக்காட்சி, மேடை நாடகம், பாலே, தேவாலயப் பாட்டு, விளம்பரம், விளையாட்டு விழா என்று அவர் இசையமைக்காத இடம் அந்த நாட்டில் இல்லை. 2018இல் இசைக்கான தேசியக் கலைஞர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு மகசேசே விருது. விருதெல்லாம் பின்னால் வந்தவை. நான் ஏங்குவது 1988 முதல் 1995 வரை சேனல் 2இல் அவர் நடத்திய ‘ரயான் ரயான் மூசிகாஹான்’ என்ற இசை நிகழ்ச்சிக்கு.

எங்கள் வீட்டுக்குள் அந்த நிகழ்ச்சி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா நெல் ஆராய்ச்சிக்காரர். மணிலாவிலிருந்து தெற்கே 60 கிலோமீட்டர் தள்ளி லாஸ் பானியோஸ் என்ற ஊர். அங்கேதான் 1960இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. நம் தஞ்சாவூர் வயலையெல்லாம் தலைகீழாக மாற்றிய ஐ.ஆர்.8 பிறந்த மண். எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். அந்த நாட்களில் தமிழ்நாட்டிலிருந்து வேளாண் விஞ்ஞானிகள் பெட்டி படுக்கையோடு அங்கே போய்க் குடித்தனம் வைப்பது அதிசயமே இல்லை. எங்கள் குடும்பமும் அப்படிப் போனதுதான். நான் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடப் பிள்ளை.

ஊருக்குப் பின்னால் மக்கீலிங் மலை. முன்னால் லகுனா ஏரி. நடுவே வெந்நீர் ஊற்றுகளும், இளநீர் வழுக்கையை அடைத்துச் சுடும் புக்கோ பை கடைகளும், ஹாரனைவிடப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போகும் ஜீப்னிகளும். மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. அம்மாவுக்கு அந்த மழை பிடிக்கவே இல்லை. “துணி காயறதுக்கு ஒரு வெயில் இல்லாத ஊரு” என்பாள். எனக்கு அந்த மழைச் சத்தத்துக்குள்ளேதான் பியானோ கேட்டிருக்கிறது.

நிகழ்ச்சியில் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. அவர் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பார். பாடகரோ பாடகியோ வந்து பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேச்சு, ஒரு சிரிப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் கட்டைகளின்மேல் போய்விடும். பேச்சு தொடரும், அடியில் சுரம் ஓடும். எந்த நிமிடத்தில் பேச்சு நின்று பாட்டு தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. பாட்டு முடிந்த பிறகும் அப்படித்தான். கைதட்டல் அடங்குவதற்குள் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே அதே மெட்டைத் திரும்ப வாசிப்பார். இந்த முறை வலது கை பழையபடியே போகும், இடது கை மட்டும் வேறு இடத்துக்குப் போகும். சற்று முன் சந்தோஷமாகக் கேட்ட மெட்டு இப்போது கலங்கடிக்கும். பாட்டென்றால் வானத்திலிருந்து இறங்குவது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது எனக்கு. அது ஒரு மனிதனின் கையில் நடக்கும் வேலை என்று அந்தப் பெட்டியில்தான் முதன்முதலில் பார்த்தேன். அந்தப் பார்வைக்காகத்தான் இன்றைக்கும் ஏங்குகிறேன். பாட்டுகள் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கின்றன. பாட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த அந்த இடம் கிடைக்கவில்லை.

அப்பா கர்நாடக சங்கீத ரசிகர், கொஞ்சம் மிருதங்கமும் வாசிப்பார். முதலில் அவருக்கு இந்த நிகழ்ச்சியில் ஈடுபாடில்லை. எனக்குத் துணையாக உட்கார்ந்தவர்தான். சில வாரங்களில், நான் தூங்கிவிட்டாலும் அவர் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். “இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும் பாப்பா. தெரியும்னு காட்டிக்க மாட்டேங்கிறார்” என்றார் ஒருநாள். அப்பா யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

கயாப்யாபின் கதையை நான் தெரிந்துகொண்டது வெகு பின்னால். 1954இல் பிறந்தவர். தாய் செலெரினா ஓபரா பாடகி, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் ஆசிரியை. வீட்டில் இசை மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்காகப் பியானோக்களும் இருந்தன. விடிந்தால் அடைந்தால் யாராவது சாதகம் செய்துகொண்டிருக்கும் வீடு. நான்கு வயதில் இவரும் பியானோவில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வயதில் தாய் புற்றுநோயில் போய்விட்டார். போவதற்கு முன் கணவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: பிள்ளைகளில் யாரையும் இசையைத் தொழிலாக எடுக்க விடாதீர்கள்.

அந்தத் தாயின் மனதை யோசித்துப் பார்க்கிறேன். பாட்டை வெறுத்துச் சொன்ன வார்த்தையாக அது இருக்க முடியாது. இசையை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் சோறு சாப்பிடுவது எவ்வளவு சிரமம் என்று உள்ளே இருந்து பார்த்தவர் சொன்னது. தகப்பனார் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார். பையன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது கணக்கியல் படிப்பில். ஆனால் கைச்செலவுக்குப் பணம் வேண்டுமே. தெரிந்த வேலை பியானோ ஒன்றுதான். பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கப் போனார். அப்படி வாசித்த இடத்தில் அன்றைய செனட்டர் சால்வதோர் லாரெல் அவரைக் கவனித்து, இசை படிக்க உதவித்தொகை தந்தார். கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. 1983இல் இசையமைப்பில் பட்டம் வாங்கி, தாய் பாடம் நடத்திய அதே கல்லூரியில் அவரும் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார்.

பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே நாடு அவரைத் தெரிந்துகொண்டுவிட்டது. 1978இல் மணிலாவில் மெட்ரோபாப் என்ற பாட்டுப் போட்டி முதன்முறையாக நடந்தது. நம் இசைதான் எவ்வளவு அழகு என்று கொண்டாடும் ‘காய் கண்டா நங் ஆதிங் மூசிகா’ என்ற அவருடைய பாட்டு, ஹாஜி அலெஹாந்த்ரோ பாடி, முதல் பரிசு வாங்கியது. பின்னால் உலகமெல்லாம் சுற்றிவந்த ஃப்ரெடி அகிலாரின் ‘அனாக்’ அதே போட்டியில் பரிசில்லாமல் திரும்பிய பாட்டு. ஒரே மேடையில் அந்த இரண்டும் ஒலித்த இரவு எப்படி இருந்திருக்கும்! வானொலி நிலையங்கள் அமெரிக்கப் பாட்டையே போட்டுக்கொண்டிருந்த நாட்டில், உள்ளூர்க்காரர்கள் தங்கள் மொழியில் எழுதிய பாட்டுக்கு ஜனங்கள் காது கொடுக்கத் தொடங்கிய காலம் அது.

அந்தக் காலத்து சினிமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிஸ்டர் சியின் பியானோ அந்த மண்ணில் முளைத்ததுதான். பிலிப்பைன்ஸ் சினிமாவில் நம் படங்களைப்போல ஐந்தாறு பாட்டு கிடையாது. பெரும்பாலும் ஒரே ஒரு பாட்டு. படத்தின் தலைப்பே பாட்டின் தலைப்பு. படத்துக்குள் ஒலிப்பதைவிட வெளியே அதிகம் ஒலிக்கும். இந்தக் கலையில் பெரிய கை ஜார்ஜ் கான்செகோ. பத்திரிகைக்காரராக இருந்து இசைக்கு வந்தவர். 1982இல் வில்மா சான்டோஸ் நடித்த ‘கானோ கடாலாஸ் ஆங் மின்சான்’ படத்துக்கு அவர் போட்ட தலைப்புப் பாட்டை பாசில் வால்டெஸ் பாடினார். படம் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பாட்டு முழுசாகத் தெரியும். எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த அக்காவுக்குத் தெரியும், எங்கள் தெருமுனை ஜீப்னி டிரைவருக்குத் தெரியும், காய்கறி விற்கிற அம்மாவுக்குத் தெரியும்.

1992, 93இல் லூசோன் தீவு முழுக்க மின்வெட்டு. நாளுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கரண்ட் இருக்காது. நிகழ்ச்சி வரும் நேரத்தில் கரண்ட் போய்விட்டால் எனக்கு அழுகை முட்டும். அந்த அக்காவை நாங்கள் ஊர் வழக்கப்படி ஆத்தே என்று கூப்பிடுவோம். ஆத்தே மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே கான்செகோ பாட்டைப் பாடுவார். சுருதி கொஞ்சம் கீழே, தாளம் கழுவுகிற கையின் தாளம். “மேம், உங்க பொண்ணு அழறா பாருங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, எனக்காக இன்னொரு பாட்டு. மிஸ்டர் சி இருந்திருந்தால் அவருக்கும் பக்கவாத்தியம் வாசித்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொள்வேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவருடைய வேலைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது 1981இல் வந்த ‘ஒன்’ என்ற ஆல்பம். பிலிப்பைன்ஸ் பாட்டுகள்தான், ஆனால் வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால் ஒரு கோஷ்டியே பாடுவதுபோல இருக்கும். பாடுகிறவர் ஒரே ஆள். கணினி வருவதற்கு முந்தைய ஸ்டூடியோ என்பதை மறக்கக் கூடாது. முதலில் ஒரு குரலை டேப்பில் பதிய வேண்டும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த குரலை அடுத்த தடத்தில் பதிய வேண்டும். பிறகு அடுத்தது, அதற்கும் மேல் இன்னொன்று. ஒரு தடத்தில் மூச்சு அரை நொடி தப்பினாலும் மேலே கட்டுகிறதெல்லாம் சாயும். ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லாக் குரல்களும் ஒரே சமயத்தில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் ‘ஸ்’ ‘ஸ்’ என்று சிதறிக் கேட்கும். கூட்டமாகப் பாடும்போது பக்கத்தில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே பக்கத்தில் நிற்பவரும் அவர்தான், அதுவும் சற்று முன்பு பாடிவிட்டுப் போய்விட்ட அவர். கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகக் கேட்பேன். பிறகு நடுக்குரலை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் அந்த அறைக்குள் நிற்பதைக் கண்டுபிடிப்பேன். மாணவர்களும் பியானோக்களும் நிறைந்திருந்த அந்தச் சிறுவயது வீட்டை அவர் தன் ஒரே தொண்டையில் திரும்பக் கட்டிப் பார்த்தாரோ என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. இது என் எண்ணம், அவ்வளவுதான்.

தமிழ்ப் பிள்ளையாக எனக்கு அவர் ரொம்ப நெருங்கி வந்தது ‘ராமா ஹரி’யால். நாங்கள் அங்கே போவதற்கு முன்பே, 1980இல், மணிலாவின் கலாசார மையத்தில் பாலே பிலிப்பைன்ஸ் குழு மேடையேற்றிய ராமாயணம். நடனம் அலிஸ் ரேயெஸ், பாடல்கள் பியென்வெனிடோ லும்பெரா, அரங்கம் சல்வதோர் பெர்னால், இசை கயாப்யாப். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார். இந்த நால்வருமே பின்னால் தேசியக் கலைஞர்கள் ஆனார்கள். ராமனாக பாசில் வால்டெஸ், சீதையாக கூ லெடெஸ்மா பாடினார்கள். ராக் இசையும் பாலேயும் தகாலோக் மொழியும் சேர்ந்த ராமாயணம். அதிலிருந்து ‘மக்பலிக் கா நா, மஹால்’ என்ற பாட்டு மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்து நாடெங்கும் பரவியது. பிரிந்தவரைத் திரும்பி வரச் சொல்லிக் கேட்கும் பாட்டு. அது தொலைக்காட்சியில் வந்த ஒரு நாள், இது ராமாயணப் பாட்டு என்று ஆத்தே சொல்ல, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ராமாயணமா? இங்கேயா?”

அங்கேதான். அதுவும் புதிதாக வந்ததில்லை. தெற்கே மிந்தனாவ் தீவில் மரனாவ் மக்களிடம் ‘மஹராடியா லவானா’ என்ற பழங்கதை வழங்குகிறது. நம் ராவணன் கதைதான், முஸ்லிம் மக்கள் வாயில் வேறு உருவம் எடுத்தது. 1960களின் கடைசியில் அதைத் தேடிப் பதிவு செய்தவர் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ என்ற பிலிப்பைன்ஸ் அறிஞர். அவர் முனைவர் பட்டம் வாங்கியது சென்னைப் பல்கலைக்கழகத்தில். இதையெல்லாம் அப்பா எங்கிருந்தோ நகல் எடுத்து வந்து படித்தார். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் சீதை பாட்டு. அசோகவனத்துச் சீதையைக் கம்பனில் படிக்கும்போது எனக்கு இன்றும் பின்னணியில் பியானோதான் கேட்கிறது. அதை மாற்ற நான் முயன்றதே இல்லை. மாற்றவும் விருப்பமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் சிறுவயதுப் பாடகர்களைச் சேர்த்து ‘ஸ்மோக்கி மவுன்டன்’ என்று ஒரு குழு அமைத்திருந்தார். மணிலாவின் தொண்டோ பகுதியில் மலையாகக் குவிந்து புகைந்துகொண்டிருந்த குப்பைமேட்டின் பெயர் அது. அந்த மேட்டைக் கிளறிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு பாப் குழுவுக்கு அந்தப் பெயரை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ‘பரைசோ’ என்ற பாட்டு அந்த மேட்டையே சொர்க்கம் என்று அழைத்துப் பாடுகிறது. குழந்தைக் குரல்கள் இனிமையாகப் பாடப் பாட, கேட்கிறவர் நெஞ்சு கனத்துக்கொண்டே போகும். அதே குழு பாடியதுதான் ‘டா கோகனட் நட்’. தென்னையின் பயன்களை மளமளவென்று அடுக்கிக்கொண்டே போகிற குதூகலப் பாட்டு. அந்தக் குழுவின் பாட்டுகளில் அம்மாவுக்குப் பிடித்தது அந்த ஆங்கிலப் பாட்டு ஒன்றுதான். தென்னையைப் பற்றிப் பாடினால் எங்கள் அம்மா எந்த மொழியிலும் கேட்பாள்.

எங்கள் பள்ளிக்கூடக் கோரஸில் நான் ஆல்டோ. டிசம்பர் வந்தால் ‘குமுகுதிகுதிதாப்’. பண்டிகை விளக்குகள் கண்சிமிட்டுவதைப் பற்றிய அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு, வரிகள் பின்னாளில் பெயர்பெற்ற திரைப்பட இயக்குநர் ஹோசே ஹவியர் ரேயெஸ் எழுதியவை. பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். வீட்டுக்கு வீடு பரோல் என்ற நட்சத்திர விளக்கு தொங்கும். இந்தப் பாட்டு அந்த விளக்குகள் எரிந்து அணைவதையே சொல்லாக்கி, சொல்லையே தாளமாக்கிவிடுகிறது. எழுத்துகள் பல்லில் இடறும். முதல் வாரம் கோரஸில் பாதிப் பேர் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் வந்துவிட்டது. ஏனென்றால் எனக்கு அது சொற்கட்டு. தகதிமி, தகஜுணு என்று அப்பா தொடையில் தட்டிச் சொல்லிக் கொடுத்த அதே பாடம். ஆசிரியை என்னை நிறுத்தி, எப்படி மூச்சு விடுகிறாய் என்று கேட்டார். நான் அப்பா சொன்னபடி கைத்தாளம் போட்டுக் காட்டினேன். மறுநாள் ஆல்டோ வரிசை முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டு பாடியது. என் சின்ன வயசில் அதைவிடப் பெருமையான நாள் இருந்ததாக நினைவில்லை.

பிறகு ஒருநாள் அப்பாவின் வேலை ஒப்பந்தம் முடிந்தது. வந்துவிட்டோம். நிகழ்ச்சி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததே எனக்கு வெகுநாள் தெரியாது.

அதன் பிறகு தொலைக்காட்சியில் இசை என்றால் எல்லா நாட்டிலும் போட்டி என்றாகிவிட்டது. பிலிப்பைன்ஸில் 2006இல் ‘பிலிப்பைன் ஐடல்’ வந்தது. நடுவர் நாற்காலியில் மிஸ்டர் சி. அவர் அங்கே நேர்மையாகத்தான் வேலை செய்தார், சந்தேகமில்லை. ஆனாலும் பியானோ ஸ்டூலிலிருந்து நடுவர் நாற்காலிக்கு ஒரு இசையமைப்பாளரை மாற்றி உட்காரவைத்ததில் எதையோ இழந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன். பாட்டு எப்படி உருவாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள், யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். அவர் அதோடு நின்றுவிடவில்லை. 2012இல் தொடங்கிய பில்பாப் பாட்டுப் போட்டியை முன்னின்று நடத்தினார், இளம் பாடலாசிரியர்களுக்கு முகாம்கள் நடத்தினார். பாடகர்களைவிடப் பாட்டு எழுதுகிறவர்களின் பெயர் முதலில் வரவேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் குறையவே இல்லை. தாய் பயந்த அந்தத் தொழிலில் மற்றவர்களும் பிழைக்க வேண்டும் என்று அவர் பாடுபட்டதாகவே எனக்குப் படுகிறது.

அவர் மகசேசே விருது வாங்கியபோது அப்பா உயிரோடு இருந்தார். 1974இல் எம்.எஸ். சுப்புலட்சுமி வாங்கிய விருது, 2016இல் டி.எம். கிருஷ்ணா வாங்கிய விருது என்று என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, “சரியான வரிசையில்தான் வந்து உட்கார்ந்திருக்கார்” என்றார்.

மிஸ்டர் சியின் ‘ஆங் லாரவான்’ திரைப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நிக் ஹோவாகின் ஆங்கிலத்தில் எழுதிய நாடகம். ரோலண்டோ டினியோ தகாலோக்கில் பாடல்களாக மாற்ற, கயாப்யாப் இசையமைத்து 1997இல் மேடை கண்டது. இருபது ஆண்டு கழித்து, லாய் ஆர்செனாஸ் இயக்கத்தில் 2017இல் படமானது. வசனமெல்லாம் பாட்டாகவே போகும் படம். அந்த ஆண்டு மணிலா திரைப்பட விழாவில் சிறந்த படம், சிறந்த இசை இரண்டும் அதற்குத்தான். எனக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பார்க்கக் கிடைத்தது.

கதை நடப்பது 1941 அக்டோபர். மணிலாவின் பழைய மதில் நகரமான இன்ட்ராமுரோஸில் ஒரு பெரிய வீடு. தகப்பன் புகழ்பெற்ற ஓவியர், அறையை விட்டு வெளியே வருவதில்லை. கல்யாணமாகாத இரண்டு மகள்கள், கான்டிடாவும் பவுலாவும். கையில் காசில்லை. சுவரில் தகப்பன் கடைசியாக வரைந்து கொடுத்த ஓவியம். அதை விற்றால் வறுமை தீரும். விற்க மாட்டேன் என்கிறார்கள். வீட்டில் வாடகைக்குத் தங்கியிருப்பவன் ஒரு பியானோக்காரன், கேளிக்கை அரங்கில் வாசித்துப் பிழைப்பவன். மின்கட்டணம் கட்ட வழியில்லாத அந்தச் சகோதரிகள் ஒரு இரவு திடீரென்று விளக்கணைந்ததும், நம் வீட்டுக் கரண்டைத்தான் வெட்டிவிட்டார்கள் என்று அவமானத்தில் குறுகிப்போகிறார்கள். ஊர் முழுக்க இருட்டு, போர்க்கால ஒத்திகைக்காக அணைத்த விளக்கு என்று பிறகுதான் தெரிகிறது. அந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். மண்ணெண்ணெய் விளக்கும், பாத்திரம் கழுவுகிற சத்தமும், ஆத்தேயின் குரலும் ஒரே சமயத்தில் வந்து நின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் பார்த்தேன்.

கடைசியில் லா நவால் திருவிழா ஊர்வலம் ஜன்னலுக்கு வெளியே வருகிறது. பழைய நண்பர்கள் எல்லாரும் வந்து சேர்கிறார்கள். குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இன்னும் நான்கு ஆண்டுகூட இல்லை, 1945 பிப்ரவரிப் போரில் அந்த மதில் நகரம் தரைமட்டமாகப் போகிறது. பார்க்கிற நமக்குத் தெரியும், பாடுகிறவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் கயாப்யாபின் இசை நிற்கிறது. அழிவை அறிவிக்கிற முழக்கம் எதையும் அவர் போடவில்லை. திருவிழாவைத் திருவிழாவாகவே விட்டுவிட்டார். ஏக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த இசையில் இவ்வளவு கண்ணியமானது வேறொன்று இல்லை.

படம் பார்த்த பிறகு பழைய நிகழ்ச்சியைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். இணையத்தில் துண்டு துண்டாக இருக்கிறது. யாரோ வீட்டில் விசிஆரில் பதிந்து வைத்திருந்தவை. படத்தின் அடியில் கோடு ஓடும், நிறம் வழியும், ஒலி இரையும். எனக்கு அது ஒரு குறையே இல்லை, எங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படித்தான் தெரியும். ஆனால் பதிந்தவர்கள் பாட்டைத்தான் பதிந்திருக்கிறார்கள். பாடகி வாயைத் திறந்ததும் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள், கைதட்டல் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டேப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலம், பேச்சை யார் பதிவார்கள்? எனக்கு வேண்டியது அந்தக் கைதட்டலுக்கு அடுத்த நிமிடம். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே, இடது கையை மட்டும் மாற்றி, அதே மெட்டைத் திரும்ப வாசிக்கிற நிமிடம். எந்தத் துண்டிலாவது தவறுதலாக அது பதிந்திருக்காதா என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்க்கிறேன்.